அடுப்பு ஸ்டேஷனில் கைமாறிய பில்லை

இரண்டு பித்தளைப் பில்லைகளையும் புளி போட்டுத் தேய்த்து, தண்ணீரில் அலசி, லுங்கியின் நுனியால் துடைத்து, அம்மா பெஞ்சின் மேல் வைத்தாள். ஒன்றில் ஏழு. இன்னொன்றில் பதினொன்று.

அப்பா பதினொன்றை எடுத்துச் சட்டைப் பைக்கு மேலே குத்திக்கொண்டார். முனியன் மாமா ஏழை எடுத்துக்கொண்டார். ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எனக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன்.

முனியன் மாமா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இன்னியிலேர்ந்து நாந்தான் கோவிந்தன். எங்க, கூப்புடு பாப்போம்."

கோவிந்தன் என் அப்பாவின் பெயர். கூப்பிட மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். மாமா என் கன்னத்தைக் கிள்ளினார். அவர் விரலில் புளி வாசனையும் ரயில் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. மறுநாள் காலை அவர் கப்பலேறிப் போய்விட்டார்.

இத்தனை வருஷமாக இதை நான் வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன். கல்யாண வீட்டில் வெங்காயம் உரிக்கும்போது சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள். இனிமேல் சொல்லப்போவதில்லை. கடைசியாக ஒருமுறை இங்கே எழுதிவிடுகிறேன்.

குளிராத ஊரில் கணப்பு

இந்தத் தொடரில் அலோன் துறைமுகத்து மூட்டைக் கிடங்குகளைப் பற்றி மூன்று வாரம் எழுதினேன். கோயில் பள்ளிக்கூடத்தில் மணலில் விரல் தேய்த்துத் தமிழ் படித்ததை எழுதினேன். பிறந்த இடத்தை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அது யாங்கோனுக்கு, அதாவது ரங்கூனுக்கு வடக்கே, மிங்கலாடோன் பக்கமாகப் பிரியும் கிளைப் பாதையில் இருந்த ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். அதன் பின்னால் இருந்த கூலி லைனில், மூன்றாவது அறையில் பிறந்தேன்.

வெள்ளைக்காரன் தன் பட்டாளத்துக்காகப் போட்ட பாதை அது. ஸ்டேஷன் கட்டுவதற்கான படம் சீமையிலிருந்து வந்ததாம். அங்கே ஏதோ ஒரு பனி பெய்யும் ஊருக்காக வரைந்த படத்தை அப்படியே அனுப்பிவிட்டார்கள் போல. இங்கே கட்டினவர்களும் மேலதிகாரியிடம் எதிர்க் கேள்வி கேட்காத நல்ல பிள்ளைகள். படத்தில் இருந்ததை ஒரு செங்கல் குறையாமல் கட்டிவிட்டார்கள்.

அதனால் முதல் வகுப்பு வெயிட்டிங் ரூமில் ஒரு கணப்பு இருந்தது. குளிர் காய்வதற்காகச் சுவரில் பதித்த பெரிய அடுப்பு. மேலே பளிங்குப் பலகை, அதற்கு மேல் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைக்கூண்டு. சித்திரை வெயிலில் தார் உருகும் ஊரில், கோட்டும் தொப்பியும் போட்ட துரைமார்கள் அந்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ரயிலுக்குக் காத்திருப்பார்களாம். அப்பா நடித்துக் காட்டுவார்.

பர்மியர்கள் அந்த இடத்துக்கு 'மீபோ பூடா' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஆட்கள் அதையே தமிழாக்கி 'அடுப்பு ஸ்டேஷன்' என்றார்கள். பலகையில் எழுதியிருந்த இங்கிலீஷ் பெயரை நான் யார் வாயிலும் கேட்டதில்லை.

பெரிய சண்டையில் குண்டு விழுந்து பிளாட்பாரக் கூரை பாதி போயிற்று. சண்டை முடிந்து திரும்பி வந்த வெள்ளைக்காரன் கூரையை விட்டுவிட்டு முதலில் புகைக்கூண்டைத்தான் பழுது பார்த்தானாம். அவன் ஊருக்குப் போன பிறகும் அடுப்பு இருந்தது. அதில் யாரும் ஒருநாளும் தீ மூட்டியதில்லை. மழைக்காலத்தில் புகைக்கூண்டு வழியாகத் தண்ணீர் கொட்டும் என்பதால், பின்னால் வந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் அதன் உச்சியைத் தகரத்தால் மூடி, அடுப்புக்குத் தேக்குக் கதவு போட்டு அலமாரியாக்கிவிட்டார். ஸ்டேஷனின் கணக்குப் புத்தகம், ஆள் புத்தகம் எல்லாம் அதற்குள்தான்.

பிறகு பட்டாளம் லாரியில் போக ஆரம்பித்தது. நாளைக்கு நான்கு வண்டி என்றிருந்தது இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. ஒரு மழையில் சின்னப் பாலம் ஒன்று அரித்துப்போனது. பாலத்தைச் சரிசெய்ததும் வண்டி விடுவோம் என்றார்கள். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. இன்னும் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆளைப் பார்க்காத மாஸ்டர்

பில்லை என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். பாயிண்ட்ஸ்மேன், கேங்மேன், விளக்கு ஏற்றுகிறவன் எல்லாருக்கும் நம்பர் வெட்டிய ஒரு பித்தளைத் தகடு உண்டு. அதைச் சட்டையில் குத்தியிருப்பவன்தான் அன்றைக்கு அந்த வேலைக்காரன். மாஸ்டர் நம்பரைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

எங்கள் ஆட்கள் இதைச் சௌகரியமாக வைத்துக்கொண்டார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவன் அவன் பில்லையைக் குத்திக்கொண்டு அவன் முறையைப் பார்ப்பான். மனைவிக்குப் பிரசவம் என்றால் பக்கத்து அறைக்காரன் பார்ப்பான். யாருக்கும் இது பொய்யாகத் தோன்றவில்லை. பெயர் வீட்டில் கூப்பிடுவதற்கு, பில்லை வேலைக்கு என்றுதான் நினைத்திருந்தார்கள்.

இந்தியர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிய காலம் வந்தது. பயத்தில் அப்பாவும் போவதற்குப் பெயர் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, கடல் தாண்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அம்மா பர்மியப் பெண். அவள் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். அப்பா இருந்துவிடுவது என்று முடிவு செய்தார். ஆனால் பெயர் பட்டியலில் இருந்தது, முறையும் வந்துவிட்டது. போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவனுக்கு வேலையும் போய்விடும்.

பதினொன்றாம் நம்பர் முனியன் மாமாவோ இங்கேயே இருந்துவிடும் எண்ணத்தில் பெயரே கொடுக்கவில்லை. அந்த வாரம் பார்த்து, அவர் அம்மா ஊரில் சாகக் கிடப்பதாகத் தந்தி வந்தது. இனிமேல் பெயர் கொடுத்தால் முறை வர ஒரு வருஷம் ஆகும். பிரயாணக் காகிதத்தில் போட்டோ கிடையாது. பெயர், தகப்பன் பெயர், ஊர். அவ்வளவுதான். மாஸ்டரும் புதிதாக வந்தவர்.

இரண்டு பேரும் காய்ச்சலுக்குச் செய்வதையே இதற்கும் செய்தார்கள். பில்லையை மாற்றிக்கொண்டார்கள்.

முனியன் மாமா தன் அம்மாவை உயிரோடு பார்த்துவிட்டார். போய்ச் சேர்ந்ததும் எழுதிய கார்டில் அப்படித்தான் இருந்தது. கீழே கையெழுத்து 'கோவிந்தன்' என்றிருந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு நாள் முழுக்கச் சிரித்தார். அவர் வேலையில் முனியனாகவும் வீட்டில் கோவிந்தனாகவும் இருந்து செத்துப்போனார். என் பழைய அடையாள அட்டையில் தகப்பன் பெயர் கோவிந்தன் என்றுதான் இருக்கிறது.

சண்டாவின் அட்டை

எனக்கு ஒரே மகள், சண்டா. முப்பத்தொன்பது வயதில் பெற்றேன். அவள் அப்பா இல்லை. தமிழ் கேட்டால் புரியும், பேச வராது, பேசினாலும் பாதியில் பர்மிய மொழிக்குத் தாவிவிடுவாள். ஷ்வேப்யிதாவில் தையல் பாக்டரிக்குப் போய்வந்தாள்.

இப்போது இந்த ஊரில் இருபத்தேழு வயதில் சரியான அட்டை இல்லாமல் இருப்பது எப்படி என்று நான் விளக்கப்போவதில்லை. அவள் தெருமுனைக்குப் போனாலும் திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நிற்பேன். அவள் சிநேகிதி பாங்காக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து வைத்திருந்தாள். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு அட்டை வேண்டும். அட்டைக்கு என் அப்பா வேண்டும்.

சுதந்திரத்துக்கு முன்பிருந்தே உங்கள் அப்பா இந்த நாட்டில் இருந்தார் என்பதற்குக் காகிதம் கொண்டுவாருங்கள் என்றார் அட்டை கொடுக்கும் ஆபீசில் இருந்த அம்மையார். நல்ல மனுஷி. ரயில்வேக்காரர் என்றால் ஸ்டேஷன் புத்தகத்தில் இருக்குமே என்றார். புத்தகமே அழிந்துபோயிருந்தால் கடைசி ஸ்டேஷன் மாஸ்டரிடம் அப்படி ஒரு கடிதம் வாங்கிவாருங்கள், தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர் சாட்சி சொன்னால் போதும் என்றார்.

இரண்டு வழி சொன்னார். என் தலையெழுத்து, நான் முதல் வழியைப் பிடித்துக்கொண்டேன். சாட்சி கேட்டு யார் வாசலிலும் நிற்பானேன், என் அப்பா பெயர் புத்தகத்தில் இருக்கிறது என்ற திமிர். சண்டா சாட்சிக்கே போகலாம் என்றாள். நான் கேட்கவில்லை.

எரிந்த அடுப்பு

கடைசி ஸ்டேஷன் மாஸ்டர் ஊ டின் இன்னும் அங்கேதான் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், கண் மங்கல். சண்டா பாக்டரிக்குப் போன ஒரு காலையில் நான் தனியாகப் புறப்பட்டுப் போனேன்.

தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போயிருந்தார்கள். பிளாட்பாரத்தில் மாடு கட்டியிருந்தது. பலகையில் இங்கிலீஷ் எழுத்து நான்கு மிச்சம். தூரத்திலிருந்தே ஒன்றைப் பார்த்துத் திகைத்து நின்றேன். புகைக்கூண்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

வெயிட்டிங் ரூமில் ஒரு குடும்பம் இருந்தது. மேலே எங்கோ ஊர் எரிந்து ஓடிவந்தவர்கள் என்றார் ஊ டின். போக இடமில்லை, நான்தான் இருக்கச் சொன்னேன் என்றார். தேக்குக் கதவைக் கழற்றிவிட்டு அந்தப் பெண் கணப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தோல் அட்டை போட்ட பெரிய புத்தகங்கள் இரண்டு பாதியாகக் கிடந்தன. தாள் தாளாகக் கிழித்துத் தீயில் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது புத்தகம் அப்போதுதான் முழுதாக உள்ளே போயிருந்தது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. கையை விட்டு அதை வெளியே இழுத்துவிட்டேன். முழங்கைக்குக் கீழே தோல் வழன்றுபோயிற்று, தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தப் பெண் எழுந்து நின்று கும்பிட்டாள். காகிதம்தானே என்று நினைத்தோம், எங்களைத் துரத்திவிடாதீர்கள் என்று அழுதாள். எனக்கு அவளைப் பார்க்க நேரமில்லை.

அது ஆட்களின் பெயர் எழுதிய பில்லைப் புத்தகம்தான். ஓரம் கருகியிருந்ததே தவிர உள்ளே ஒன்றும் ஆகவில்லை. ஊ டின் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு தேடினார். ஏழாம் நம்பர். கோவிந்தன். தகப்பன் பெயர், ஊர், சேர்ந்த தேதி. பெரிய சண்டைக்கு முந்தின தேதி. ஒவ்வொன்றாக அவர் படிக்கப் படிக்க எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. ஒரு மனிதன் இருந்தான் என்று ஒரு புத்தகம் சொல்வதைக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது.

எதிர்ப்பக்கத்துத் தாள் ஈரத்தில் அடுத்த தாளோடு ஒட்டிக்கிடந்தது. பிரித்தால் கிழியும் என்றார். வேண்டாம் சயா, இது போதும் என்றேன். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. நாலு மணிக்கு ஆபீஸ் மூடிவிடும். புத்தகத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் சண்டாவிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டே போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூடச் சொன்னேன்.

எதிர்ப்பக்கம்

அம்மையாருக்கும் சந்தோஷம்தான். என் கையைப் பார்த்துவிட்டு மருந்து எடுத்துவரச் சொன்னார். பிறகு ஒரு ஸ்கேலை எடுத்து, ஒட்டியிருந்த தாளை மெல்ல மெல்லப் பிரித்தார். அவ்வளவு பக்குவமாகப் பிரித்தார். ஒரு இழைகூடக் கிழியவில்லை.

அங்கே சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஏழாம் நம்பர் கோவிந்தன் பில்லையை ஒப்படைத்துவிட்டு, கப்பலில் இந்தியாவுக்கு நிரந்தரமாகப் போய்விட்டார். அதுதான் எழுதியிருந்தது.

பெஞ்சு, புளி, இரண்டு பேரின் சிரிப்பு எல்லாம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முன் ஒருநாளும் அந்தக் கதையையும் காகிதத்தையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை. பில்லை மாற்றிக்கொள்வது எங்களுக்கு அவ்வளவு சாதாரணம். கதையை அவரிடம் சொன்னேன். கடைசி வரை கேட்டார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் புத்தகம் இருக்கும்போது சாட்சி செல்லாது என்றார். புத்தகம் இல்லாமல் இருந்திருந்தால் செய்திருக்கலாம் என்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இன்னும் ஒரு பானை சோறு வெந்திருந்தால் போதும். அந்தப் பெண் எனக்கு எவ்வளவு பெரிய உதவி செய்துகொண்டிருந்தாள். அவளைப் போய் அதட்டிவிட்டு வந்தேன்.

கிளம்பும்போது அம்மையார் இன்னொரு வழி சொன்னார். அங்கே போனவர் கோவிந்தன் இல்லை, முனியன் என்று அவர் வாரிசுகள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பைலைத் திரும்பத் திறக்கலாம்.

ஒரு போன்

பழைய கார்டில் ஊர் பெயர் இருந்தது. தமிழ்நாட்டுக்குப் போய்வரும் கோயில்காரர் ஒருவர் அங்கே பர்மாவிலிருந்து வந்தவர்கள் இருக்கும் காலனியில் விசாரித்து ஒரு நம்பர் வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை பகல், சண்டாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன்.

ஒரு பெண் எடுத்தாள். சண்டா வயதுதான் இருக்கும், குரல் அப்படி இருந்தது. ரங்கூனிலிருந்து பேசுகிறேன் என்றதும் வீட்டையே கூப்பிட்டுவிட்டாள். ரங்கூன் ஆட்கள் என்று யாராவது பேசி எத்தனை வருஷம் ஆயிற்று என்றாள். தாத்தா இறந்து ரொம்ப நாளாயிற்றாம். அகதி என்று கொடுத்த வீடு இன்னும் பர்மா கோவிந்தன் பெயரில்தான் இருக்கிறதாம். இப்போது அதை அவள் பெயருக்கு மாற்ற அலைந்துகொண்டிருக்கிறாளாம். கோவிந்தன் பேத்தி என்று ஒரு சான்றிதழ் வாங்குவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது என்று சிரித்தாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

"பாட்டி, ஒண்ணு கேக்கணும். தாத்தா கடைசி நாள்ல 'முனியா, முனியா'ன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தாரு. அது யாருன்னு எங்க யாருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

சண்டா என் கையைப் பிடித்தாள், அந்தப் புண் பட்ட கையை. கேளு என்கிற பிடி அது.

"தெரியும் கண்ணு. ஸ்டேஷன்ல கூட வேலை பாத்தவரு. நல்ல மனுஷன்."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். வெயிலா மழையா என்று கேட்டேன். வைத்துவிட்டேன்.

சண்டா என் கையை விட்டாள். பிறகு தமிழிலேயே சொன்னாள்.

"அமே, நீங்க கேக்கல."

நான் அந்தப் பெண்ணின் வீட்டைப் பிடுங்கி என் மகளுக்குக் கொடுக்க மாட்டேன் என்று நினைத்துத்தான் கேட்காமல் விட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அப்படியில்லை. நாக்கு எழவில்லை. அவ்வளவுதான். அன்றையிலிருந்து ஒரு ராத்திரிகூட, கேட்டிருக்கலாமே என்று நினைக்காமல் நான் தூங்கியதில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வீடுதான் போயிருக்கும், வேறு வீடு கிடைத்திருக்கும் என்றுகூட நினைத்திருக்கிறேன். பெற்ற வயிறு அப்படித்தான் நினைக்கும்.

பத்திரிகையில் வருவதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் இருக்கும் ஆண்களின் பெயரையும் பில்லை நம்பரையும் மாற்றி எழுதியிருக்கிறேன். தேட வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து சண்டா எல்லைப் பக்கம் போகும் வேனில் ஏறினாள். காகிதம் இல்லாதவர்கள் போகிற வழி. அப்பாவின் பதினொன்றாம் நம்பர் பில்லை என் பெட்டியில் இருந்தது, துணைக்கு எடுத்துப்போ என்றேன். வேண்டாம் என்றாள். ஒன்பது நாள் சேதி இல்லை. அந்த ஒன்பது நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பத்தாம் நாள் போன் வந்தது. தாய்லாந்தில் ஒரு மீன் பாக்டரியில் சேர்ந்துவிட்டாளாம். அட்டை இல்லாமல் எப்படிச் சேர்த்தார்கள் என்று கேட்டேன். அவள் தங்கும் அறையில் இருந்த ஒரு கரேன் பெண் பிள்ளை பெற ஊருக்குப் போயிருக்கிறாளாம். அவள் கழுத்தில் மாட்டும் அட்டையை இவள் மாட்டிக்கொண்டு போகிறாளாம். வாசலில் நிற்பவன் நம்பரைத்தான் பார்ப்பானாம்.

அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, பாக்டரி நம்பருக்குக் கூப்பிட்டால் அந்தப் பெயரைத்தான் கேட்க வேண்டும், மறந்துவிடாதீர்கள் என்றாள். எங்கே, ஒருமுறை சொல்லுங்கள் பார்ப்போம் என்றாள்.

ஐந்து வயதில் மாட்டேன் என்று தலையாட்டினேன். இப்போது சொன்னேன்.